தடச்சவாரிக்குக் குவார்ட்டர் குதிரை வாங்குதல்

குவார்ட்டர் குதிரை அல்லது அமெரிக்கக் குவார்ட்டர் குதிரை என்பது ஐக்கிய அமெரிக்காவில் உருவான குதிரை இனங்களுள் ஒன்றாகும். தடச்சவாரி என்பது பந்தயத் திடலுக்கும் பயிற்சிக் களத்துக்கும் வெளியே, காடு, மலை, புல்வெளி, ஆற்றங்கரை போன்ற இடங்களில் உள்ள பாதைகள் வழியே குதிரையில் பயணம் செய்வதைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் இப்பொழுதுபோக்கிற்காக முதன்முறையாகக் குதிரை வாங்குவோர் பலர் குவார்ட்டர் குதிரையையே நாடுகின்றனர். அமைதியான குணம், உறுதியான உடற்கட்டு, நாடெங்கும் எளிதில் கிடைத்தல் ஆகியன இதற்குக் காரணங்களாகும். எனினும், இனத்தின் பெயர் மட்டுமே ஒரு குதிரை தடத்திற்கு ஏற்றது என்பதற்கு உறுதியாகாது. இவ்வினத்துள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்ட வழிமரபுகள் உள்ளன. சிலவற்றில் பரம்பரை நோய்களும் உள்ளன. ஏறத்தாழ 450 கிலோகிராம் எடையுள்ள விலங்கின் முதுகில், உதவி எளிதில் எட்டாத இடத்தில் பயணம் செய்ய வேண்டியிருப்பதால், வாங்கும்போது செய்யும் தவறு பண இழப்போடு நின்றுவிடுவதில்லை.

இனத்தின் பின்னணி

குவார்ட்டர் என்னும் சொல் இங்கே கால் மைலைக் குறிக்கின்றது. இது சுமார் 402 மீட்டர் தொலைவாகும். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் வர்ஜீனியா, கரோலினா ஆகிய ஆங்கிலேயக் குடியேற்றங்களில் நீண்ட பந்தயத் திடல்கள் அரிதாகவே இருந்தன. ஊர்த் தெருக்களிலும், காட்டைத் திருத்தி அமைத்த நேர்பாதைகளிலும் இரண்டு குதிரைகளை ஓடவிட்டுப் பந்தயம் கட்டுவது வழக்கமாக இருந்தது. ஆங்கிலக் குதிரைகளுடன், சிக்கசா பழங்குடியினர் வளர்த்துவந்த ஸ்பானியக் குதிரைகளின் வழிவந்தவற்றைக் கலந்து பெறப்பட்ட குட்டிகள் இக்குறுகிய ஓட்டத்தில் சிறந்து விளங்கின. 1756 ஆம் ஆண்டு வர்ஜீனியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜானஸ் என்னும் ஆண் குதிரையின் வழித்தோன்றல்கள் இவ்வினம் உருவாவதில் பெரும் பங்கு வகித்தன.

பின்னர் மேற்கு நோக்கிய குடியேற்றத்துடன் இக்குதிரைகளும் மேற்கே சென்றன. 1840களில் கென்டக்கியிலிருந்து டெக்சாசுக்குக் கொண்டுவரப்பட்ட ஸ்டீல் டஸ்ட் என்ற குதிரை பந்தயத்தில் பெற்ற புகழால், அதன் சாயலுள்ள எல்லாக் குதிரைகளையுமே மாடு மேய்ப்போர் ஸ்டீல் டஸ்டுகள் என்று அழைக்கலாயினர். மந்தையிலிருந்து ஒரு மாட்டைப் பிரித்தெடுக்கும்போது, அது எப்பக்கம் திரும்பும் என்பதை முன்னுணர்ந்து மறிக்கும் திறன் இக்குதிரைகளிடம் காணப்பட்டது. இதனை மாட்டறிவு என்பர்.

அமெரிக்கக் குவார்ட்டர் குதிரைச் சங்கம் 1940 ஆம் ஆண்டு டெக்சாசின் போர்ட் வொர்த் நகரில் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் அமரில்லோ நகரில் உள்ளது. 1941 ஆம் ஆண்டு போர்ட் வொர்த் கண்காட்சியில் வாகை சூடும் ஆண் குதிரைக்குப் பதிவேட்டின் முதலாம் எண் வழங்கப்படும் என முடிவு செய்யப்பட்டிருந்தது. கிங் பண்ணையைச் சேர்ந்த விம்பி அதனைப் பெற்றது. அன்று முதல் இன்றுவரை 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் பதிவாகியுள்ளன. உலகின் மிகப் பெரிய குதிரை இனப் பதிவேடு இதுவே ஆகும்.

உடலமைப்பும் தடத்தின் தேவையும்

குவார்ட்டர் குதிரைகள் பொதுவாக 14 முதல் 16 கை உயரம் கொண்டவை. குதிரையின் உயரத்தை அளக்கும் அலகான ஒரு கை என்பது நான்கு அங்குலம். எனவே இவ்வுயரம் தோள்மேட்டில் சுமார் 142 முதல் 163 சென்டிமீட்டராகும். அகன்ற நெற்றி, குறுகிய முதுகு, ஆழ்ந்த மார்பு, திரண்ட பின்தொடைகள் ஆகியவை இவ்வினத்தின் அடையாளங்கள். உயரம் மிகாதிருப்பதால் ஏறி இறங்குவது எளிது. பாதையில் அடிக்கடி இறங்கிக் கதவு திறக்கவும், விழுந்து கிடக்கும் மரத்தைச் சுற்றிக் குதிரையை நடத்திச் செல்லவும் வேண்டியிருக்கும் என்பதால் இது சிறிய வசதி அன்று.

இதன் தசைகள் குறுந்தூர ஓட்டத்திற்கு ஏற்றவை. விரைவில் சுருங்கி விரைவில் களைக்கும் தசை நார்கள் மற்ற பல இனங்களில் இருப்பதைவிட இதில் மிகுதி. எனவே நின்ற நிலையிலிருந்து திடீரெனப் பாய்வதிலும், ஓடும்போதே நின்று திரும்புவதிலும் இதற்கு இணை குறைவு. நெடுந்தூரப் பயணத்தில் இதே அமைப்பு ஒரு குறையாகின்றது. தடித்த தசையில் உண்டாகும் வெப்பம் மெலிந்த தசையில் இருந்து வெளியேறுவதைப் போல் விரைவாக வெளியேறுவதில்லை. 1955 முதல் கலிபோர்னியாவில் நடைபெற்றுவரும் டெவிஸ் கோப்பைச் சவாரி போன்ற 100 மைல் தாங்குதிறன் போட்டிகளில் அராபியக் குதிரைகளே பெரும்பாலும் வெல்வதற்கு இது ஒரு காரணமாகும். அதே வேளையில், வார இறுதியில் 10 அல்லது 20 கிலோமீட்டர் நடையும் மெல்லோட்டமுமாகச் செல்லும் சவாரிக்கு, முறையாகப் பழக்கப்பட்ட குவார்ட்டர் குதிரை தாராளமாகப் போதும். நாள்தோறும் 50 கிலோமீட்டர் செல்ல விரும்புபவர் வேறு இனத்தைப் பார்ப்பதே நலம்.

குளம்புகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். காட்சிப் போட்டிகளில் பருத்த உடலும் சிறிய குளம்பும் அழகெனக் கருதப்பட்டதால், அவ்வாறே தெரிந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யப்பட்ட வழிமரபுகள் உள்ளன. பெரிய எடை சிறிய குளம்பின் மேல் இறங்கும்போது, குளம்பின் பின்பகுதியில் உள்ள நாவிக்குலர் என்னும் சிறிய எலும்பும் அதனைச் சூழ்ந்த தசைநாண்களும் பாதிக்கப்படுகின்றன. நாவிக்குலர் நோய் எனப்படும் இந்நிலை குவார்ட்டர் குதிரைகளில் மிகுதியாகக் காணப்படுவதாகும். தொடக்கத்தில் மென்மையான மண்ணில் நொண்டல் தெரியாது. கல்லும் சரளையும் நிறைந்த இறக்கத்தில் இறங்கும்போதுதான் குதிரை முன்கால்களை எட்டி வைக்கத் தயங்கும்.

வழிமரபுகள்

ஒரே பதிவேட்டில் இருந்தாலும், இன்றைய குவார்ட்டர் குதிரைகளை ஒரே வகை என்று கொள்வதற்கில்லை. பந்தய வழிமரபினவை உயரமும் மெலிவும் கொண்டவை. தரோபிரெட் இரத்தக் கலப்பு மிகுந்தவை. பழக்கமற்றவர் கையில் இவை கட்டுக்கடங்காமல் போகலாம். மாடு பிரிக்கும் போட்டிக்கென வளர்க்கப்பட்டவை சிறியவை, மிகக் கூர்மையானவை. ஒரு கன்றின் அசைவுக்கு மறுமொழியாகப் பக்கவாட்டில் துள்ளுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டவை இவை. புதரிலிருந்து காடை பறந்தாலும் அதே துள்ளலைக் காட்டினால் சவாரி செய்பவர் தரையில் இருப்பார். சவாரியின்றி உடலமைப்பை மட்டும் மதிப்பிடும் காட்சிப் போட்டிக்கென வளர்க்கப்பட்டவை பார்வைக்கு மிக எடுப்பானவை எனினும், மலையேற்றத்துக்கு இவற்றுள் பல பொருந்துவதில்லை.

தடச்சவாரிக்குப் பெரும்பாலும் ஏற்றவை மாட்டுப் பண்ணைகளில் அன்றாட வேலைக்கு வைத்திருந்த குதிரைகளாகும். ஓடை கடத்தல், வேலிக் கதவை நெருங்கி நிற்றல், கயிறு காலில் உரசினாலும் பதறாதிருத்தல், மணிக்கணக்கில் கட்டிய இடத்தில் நிற்றல் ஆகியவற்றை அவை ஏற்கெனவே கற்றிருக்கும். ஆயினும் கடின உழைப்பால் மூட்டுத் தேய்வும் ஏற்பட்டிருக்கலாம் என்பதை மறத்தலாகாது.

பரம்பரை நோய்கள்

வாங்குபவர் அறிந்திருக்க வேண்டியவற்றுள் பலரும் கேட்கத் தவறுவது இதுவேயாகும். குவார்ட்டர் குதிரைகளில் ஆறு மரபணு நோய்களுக்கான சோதனை ஒரே தொகுப்பாகச் செய்யப்படுகின்றது. பிடரி அல்லது வால் மயிரை வேரோடு பறித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதுமானது.

இவற்றுள் மிகவும் அறியப்பட்டது, பொட்டாசிய மிகை முடக்கம் எனலாம். 1969 இல் பிறந்த இம்ப்ரெசிவ் என்ற ஆண் குதிரை 1974 இல் உடலமைப்புப் போட்டியில் உலக வாகையர் பட்டம் பெற்றது. திரண்ட தசைக்காகப் பெரிதும் விரும்பப்பட்டு, ஆயிரக்கணக்கான குட்டிகளுக்குத் தந்தையாயிற்று. அதன் வழியில் வந்த சில குதிரைகளில் தசை துடிப்பதும், தளர்ந்து விழுவதும், சில வேளைகளில் இறப்பதும் கண்டறியப்பட்டன. தசைக் கலத்தின் சோடியம் வாயிலை அமைக்கும் மரபணுவில் உள்ள ஒரு பிழையே காரணம் என்பது 1992 இல் உறுதி செய்யப்பட்டது. அவ்வாயில் சரிவர மூடாததால் தசை தேவையின்றித் தூண்டப்படுகின்றது; குருதியில் பொட்டாசியம் உயர்கின்றது. இது ஓங்கு மரபணு ஆதலால் பெற்றோருள் ஒருவரிடமிருந்து வந்தாலே நோய் தோன்றலாம். 2007 ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் பிறந்த குட்டிகளுள் இருபடிகளும் பிழையுள்ளவை பதிவேட்டில் ஏற்கப்படுவதில்லை. ஒருபடி மட்டும் பிழையுள்ளவை பதிவு செய்யப்படுகின்றன. அவை சந்தையிலும் உள்ளன. பொட்டாசியம் குறைந்த தீவனத்தாலும் மருந்தாலும் இவற்றுள் பல நல்ல நிலையில் வாழ்கின்றன. ஆயினும் மலைச் சரிவில் ஆளைச் சுமந்து செல்லும்போது திடீரெனத் தளர்ந்து விழக்கூடிய விலங்கைத் தெரிந்தே வாங்குவதற்குப் போதிய காரணம் காண்பது அரிது.

இரண்டாவது, பல்சர்க்கரைச் சேமிப்புத் தசை நோயின் முதல் வகையாகும். இதற்குக் காரணமான மரபணுப் பிழை 2008 இல் அறிவிக்கப்பட்டது. தசையில் கிளைக்கோசன் அளவு மீறிச் சேர்வதால், ஓய்வுக்குப் பின் வேலை செய்யத் தொடங்கும்போது தசை இறுகி, குதிரை வியர்த்து, அசைய மறுக்கும். முன்னாளில் வண்டிக் குதிரைகள் ஞாயிறன்று நின்று தின்றுவிட்டுத் திங்களன்று இவ்வாறு முடங்கியதால் திங்கட்கிழமை நோய் என்ற பெயர் வழங்கியது. அதற்கு மரபணுக் காரணமும் இருந்திருக்கலாம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. வாரநாள்களில் கொட்டிலில் நிறுத்தி, வார இறுதியில் மட்டும் சவாரி செய்யும் பொழுதுபோக்காளரின் குதிரையும் ஏறத்தாழ அதே நிலையில்தான் உள்ளது. மாப்பொருள் குறைந்த தீவனமும் அன்றாட நடமாட்டமும் இந்நோயைக் கட்டுப்படுத்தும். இவ்விரண்டையும் தர இயலாதவர் இந்நோயுள்ள குதிரையைத் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவதான தோல் தளர்ச்சி நோய், சேணத்துக்கு அடியில் உள்ள தோலைப் பிய்ந்துபோகச் செய்வது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பிழை வந்தால் மட்டுமே இது தோன்றும். பெரும்பாலும் இரண்டு வயதளவில் சேணம் பழக்கத் தொடங்கும்போதுதான் வெளிப்படுகின்றது. போக்கோ புவேனோ என்ற புகழ்பெற்ற குதிரையின் வழிமரபில் இது காணப்படுகின்றது. அக்குதிரை 1969 இல் இறந்தபோது உரிமையாளரின் விருப்பப்படி நின்ற கோலத்திலேயே புதைக்கப்பட்டது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது; அதன் கல்லறை டெக்சாசில் வெர்னன் நகருக்கு அருகில் உள்ளது. எஞ்சிய மூன்றுள், கிளைக்கோசன் கிளைப்பு நொதிக் குறைபாடு குட்டிகளையே கொல்வதாதலால் சவாரிக்கு வாங்குபவருக்கு நேரடித் தொடர்பில்லாதது. மயக்க மருந்தின்போது உடல் வெப்பம் கட்டுமீறும் நோயும், தசையை விரைவாகத் தேய்க்கும் நோயும் மற்ற இரண்டாகும்.

வயது, பால், அனுபவம்

முதல் குதிரைக்கு 8 முதல் 15 வயது வரை உகந்தது எனலாம். குதிரைகள் பொதுவாக 25 முதல் 30 ஆண்டுகள் வாழ்வதால் 15 வயதுக் குதிரை கிழடு அன்று. இளங்குதிரையை வாங்கி அதனோடு சேர்ந்து தானும் கற்றுக்கொள்ளலாம் என்னும் எண்ணம் கேட்பதற்கு இனியது. நடைமுறையில் மருத்துவமனையில் முடிவது உண்டு. கற்றுக்கொடுக்க வேண்டிய இருவருள் ஒருவராவது பாடம் அறிந்திருக்க வேண்டும்.

காயடிக்கப்பட்ட ஆண் குதிரைகள் நாளுக்கு நாள் மாறாத குணம் உடையவையாதலால் விரும்பப்படுகின்றன. பெண் குதிரைகளுள் சில சினைப்பருவக் காலத்தில் எரிச்சல் காட்டும். பல எவ்வித வேறுபாடும் காட்டுவதில்லை. காயடிக்கப்படாத ஆண் குதிரை, பிற குதிரைகளோடு கூட்டாகச் செல்லும் தடத்துக்குப் பொருந்தாது.

பதிவுச் சான்று இல்லாத குதிரையின் வயதைப் பற்களைக் கொண்டு மதிப்பிடலாம். மேல்தாடையின் ஓர வெட்டுப்பல்லில் கால்வெயின் பள்ளம் எனப்படும் கோடு ஏறத்தாழ 10 வயதில் ஈறருகே தோன்றும். 15 வயதில் பல்லின் பாதி வரையும், 20 வயதில் முழு நீளத்துக்கும் நீளும். பின்னர் மேலிருந்து மறையத் தொடங்கும். இது தோராயமானதே. நெற்றிச் சுழியைக் கொண்டு குணம் சொல்லும் வழக்கம் அமெரிக்கக் குதிரைக்காரர்களிடமும் உண்டு. மாடுகளின் நெற்றிச் சுழிக்கும் மிரட்சிக்கும் உள்ள தொடர்பை விலங்கியலாளர் டெம்பிள் கிராண்டின் 1995 இல் ஆராய்ந்துள்ளார். ஆயினும் அரை மணிநேரச் சவாரி சொல்வதைச் சுழி சொல்வதில்லை.

சுமை

சவாரி செய்பவர், சேணம், பைகள், தண்ணீர் ஆகிய அனைத்தும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 விழுக்காட்டை மீறாதிருப்பது நல்லது என்பது நெடுநாளைய விதி. 2008 ஆம் ஆண்டு ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 15 முதல் 30 விழுக்காடு வரையான சுமைகளைச் சோதித்து, 25 விழுக்காட்டிலிருந்து தசை வலியும் இறுக்கமும் தெரிவதைக் கண்டனர்.

எடைமேடை இல்லாத இடத்தில் நாடா ஒன்றே போதும். மார்புச் சுற்றளவின் வர்க்கத்தை உடல் நீளத்தால் பெருக்கி 11,880 ஆல் வகுத்தால் எடை கிலோகிராமில் கிடைக்கும். அளவுகள் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். சுற்றளவு 180, நீளம் 165 எனில் எடை 450 கிலோகிராம். அதற்குரிய சுமை 90 கிலோகிராம். மேற்கத்திய சேணமும் அதன் விரிப்பும் பொருட்களும் 20 கிலோகிராமை எளிதில் எட்டிவிடுவதால், சவாரி செய்பவருக்கு எஞ்சுவது 70 மட்டுமே. இக்கணக்கைப் போட்டுப் பார்த்த பின் பலர் சற்றுப் பெரிய குதிரையைத் தேடுகின்றனர்.

நேரில் பார்த்தலும் சோதனைச் சவாரியும்

விற்பவர் கூறும் சொற்களுக்கும் குதிரைக்கும் உள்ள இடைவெளி இவ்வணிகத்தில் பழமையானது. அருகில் குண்டு வெடித்தாலும் அசையாது, குழந்தையும் ஏறலாம் என்பன போன்ற விளம்பரச் சொற்கள் எங்கும் உள்ளன. குதிரை என்பது இரையாக வாழ்ந்து பரிணமித்த விலங்கு. தலையின் இருபக்கங்களிலும் அமைந்த கண்களால் ஏறக்குறைய 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் காணும். அச்சம் ஏற்பட்டால் முதலில் ஓடும், பின்னரே எண்ணும். எதற்கும் மிரளாத குதிரை என ஒன்று இல்லை. மிரண்டால் எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதே கேள்வி. நின்ற இடத்தில் ஒரு முறை அதிர்ந்துவிட்டுச் சவாரி செய்பவரின் சொல்லுக்குக் காத்திருக்கும் குதிரை நல்ல குதிரை. திரும்பிக் கொட்டிலை நோக்கிப் பாயும் குதிரை ஆபத்தானது.

எனவே வாங்குபவர் குறித்த நேரத்துக்குச் சற்று முன்னதாகவே செல்வது வழக்கம். குதிரை ஏற்கெனவே சேணம் பூட்டி, வியர்வை காய்ந்த நிலையில் நின்றால், அதன் மிகைத்துடிப்பை நீண்ட கயிற்றில் ஓடவிட்டுத் தணித்திருக்கலாம். மேய்ச்சல் வெளியில் அதனைப் பிடிப்பதிலிருந்தே கவனிக்க வேண்டும். தலைக்கயிற்றைக் கண்டதும் விலகி ஓடுகின்றதா, கட்டினால் பொறுமையாக நிற்கின்றதா, நான்கு குளம்புகளையும் தூக்கத் தருகின்றதா, சேணவாரை இறுக்கும்போது கடிக்க வருகின்றதா என்பவற்றைப் பார்த்தல் வேண்டும். பின்னர் முதலில் விற்பவரே ஏறிக் காட்ட வேண்டும். ஏற மறுப்பவரின் குதிரையில் வாங்குபவர் ஏறுவதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

களத்துக்குள் நடக்கும் சவாரி மிகக் குறைந்த அளவே தெரிவிக்கும். நடை, மெல்லோட்டம், நிறுத்தம், பின்வாங்கல் ஆகியவற்றைச் சோதித்த பின் வெளியே சென்றே ஆக வேண்டும். அங்கே முதலில் வெளிப்படுவது மந்தைப் பிணைப்பு ஆகும். மற்ற குதிரைகளோடு செல்லும்போது அமைதியாக இருக்கும் குதிரை, தனியே கொட்டிலை விட்டு விலகியதும் கனைத்து, தலையை உதறி, திரும்ப முயலலாம். கூட்டத்தின் முன்னால், நடுவில், பின்னால் என மூன்று இடங்களிலும் அதனைச் செலுத்திப் பார்ப்பது பயன் தரும். முன்னால் செல்பவை கண்பார்வையிலிருந்து மறையும்போது அடங்கி நிற்கும் குதிரை விலைமதிப்புள்ளது.

ஓடை கடத்தல், மரப்பாலத்தில் ஏறல், சாலை வாகனம், குரைக்கும் நாய், மிதிவண்டி, காற்றில் படபடக்கும் நெகிழி உறை, சரிவில் நிதானமாக இறங்குதல் ஆகியவை அடுத்தவை. ஒரு நீர்நிலையில் தயங்குவது குற்றம் அன்று. தூண்டியபின் முகர்ந்து பார்த்துக் கடக்கின்றதா என்பதே முக்கியம். சவாரி செய்பவர் நடுவழியில் இறங்கி மீண்டும் ஏறும்வரை நிற்கின்றதா என்பதையும் பார்க்க வேண்டும். இறுதியில் இழுவை வண்டியில் ஏறுவதையும் சோதிக்க வேண்டும். தடத்தின் தொடக்கத்துக்குக் குதிரையைக் கொண்டு செல்வதே அவ்வண்டிதான் ஆதலால், ஏற மறுக்கும் குதிரை வீட்டிலேயே இருக்கும்.

இவை முடிந்தபின் இன்னொரு நாளில், முன்னறிவிப்புக் குறைவாக, மீண்டும் ஒருமுறை செல்வது நன்று. முதல் நாளில் அமைதிப்படுத்தும் மருந்து கொடுக்கப்பட்டிருந்தால் இரண்டாம் நாளில் வேறொரு குதிரையைக் காண நேரிடும். சில விற்பனையாளர்கள் எழுத்து ஒப்பந்தத்துடன் சில நாட்கள் அல்லது வாரங்கள் வைத்துப் பார்க்கவும் இசைகின்றனர்.

கால்நடை மருத்துவப் பரிசோதனை

இப்பரிசோதனையை வாங்குபவரின் செலவில், விற்பவருக்கு வழக்கமாக மருத்துவம் பார்க்காத மருத்துவர் செய்ய வேண்டும். இதயம், நுரையீரல், கண், பல், குளம்பு ஆகியவற்றுடன், ஒவ்வொரு காலையும் ஏறத்தாழ ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்து உடனே ஓடவிட்டு நொண்டலைக் காணும் மடக்குச் சோதனையும் இதில் அடங்கும். ஓய்வில் உள்ள குதிரையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரையும், மூச்சு 8 முதல் 16 வரையும் இருக்கும். குவார்ட்டர் குதிரையாயின் முன்குளம்புகளின் கதிர்ப்படம் எடுப்பது வீண் செலவு அன்று. பினைல்பியூட்டசோன் போன்ற வலிநீக்கிகள் நொண்டலைச் சில நாட்கள் மறைக்கக்கூடியவை. ஆகவே அன்றே குருதி எடுத்துப் பாதுகாத்து வைக்குமாறு கேட்கலாம். மருத்துவர் தேர்ச்சி, தோல்வி என்று தீர்ப்பளிப்பதில்லை. கண்ட குறையைக் கூறுவார். அக்குறையோடு வாழ இயலுமா என்பதை முடிவு செய்வது வாங்குபவரே.

ஆவணங்கள்

பதிவுச் சான்றிதழில் உள்ள நிறம், வெண்குறிகள், பால் ஆகியவை எதிரில் நிற்கும் குதிரையோடு பொருந்த வேண்டும். சான்றிதழில் உரிமையாளராகப் பதிவானவரே உரிமை மாற்றப் படிவத்தில் கையொப்பமிட வேண்டும். சான்றிதழ் பின்னர் வரும் என்ற வாக்குறுதியின் பேரில் முழு விலை கொடுத்தவர்களுள் பலருக்கு அது வந்ததே இல்லை.

குதிரைத் தொற்றுக் குருதிச்சோகைக்கான காகின்ஸ் சோதனை, மாநில எல்லை கடக்கப் பொதுவாகத் தேவைப்படுவது. 1970களில் லீராய் காகின்ஸ் உருவாக்கிய இச்சோதனையில் நோய் உறுதியானால், சிகிச்சை இல்லாமையால், குதிரை கொல்லப்படும் அல்லது வாழ்நாள் முழுதும் தனிமைப்படுத்தப்படும். கொலராடோ, வயோமிங், மொன்டானா போன்ற மேற்கு மாநிலங்களில் உரிமை மாறும்போது சூட்டுக்குறி ஆய்வாளரின் சான்றும் வேண்டும். கலிபோர்னியா, புளோரிடா, கென்டக்கி ஆகியவை, விற்பவர் வாங்குபவர் இருவரிடமும் மறைவாகத் தரகு பெறும் இடைத்தரகரைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றியுள்ளன. அச்சட்டங்கள் ஏன் தேவைப்பட்டன என்பதை விளக்க வேண்டியதில்லை.

வாங்கிய பின்

விலை என்பது செலவின் தொடக்கமே. நாள்தோறும் உடல் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு வரை உலர்புல், 20 முதல் 40 லிட்டர் நீர், 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை குளம்பு திருத்தல், ஆண்டுதோறும் இசிவு நோய், வெறிநோய், மேற்கு நைல், குதிரை மூளையழற்சி ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள், பற்பராமரிப்பு ஆகியன தேவை. சவாரி செய்யாத மாதங்களிலும் இச்செலவு குறைவதில்லை.

இச்செலவைத் தாங்க இயலாமலோ, பொருந்தாத குதிரையைச் சமாளிக்க இயலாமலோ கைவிடுவோர் அதனை ஏலத்துக்கு அனுப்புவது உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் கடைசிக் குதிரை இறைச்சி ஆலைகள் 2007 இல் மூடப்பட்டன. அதற்குப் பின்னரும் ஏலங்களில் வாங்கப்பட்ட குதிரைகள் மெக்சிகோ, கனடா நாடுகளின் ஆலைகளுக்கு ஏற்றிச் செல்லப்பட்டு வந்துள்ளன. எண்ணிக்கையில் மிகுந்த இனமாதலால் அவற்றுள் குவார்ட்டர் குதிரைகளும் கணிசமாக உள்ளன. பொருந்தாத கொள்முதலின் விலையைக் குதிரையும் கொடுக்கின்றது என்று குதிரை நல அமைப்புகள் கூறுவது இதனால்தான்.

புதிய இடத்துக்கு வந்த குதிரை பழகச் சில வாரங்கள் ஆகும். தீவனத்தை ஒரே நாளில் மாற்றினால் கோலிக் எனப்படும் வயிற்று நோவு ஏற்படலாம் என்பதால், பழைய இடத்தின் உலர்புல்லையும் சிறிது வாங்கி வந்து, ஒரு வார காலத்துக்கு மேலாகச் சிறுகச் சிறுக மாற்றுவர். முதல் சவாரிகள் குறுகியனவாகவும், அமைதியான மற்றொரு குதிரையின் துணையோடும் அமையும். தொலைவைக் கூட்டும்போது இதயத் துடிப்பே அளவுகோலாகும். சவாரி முடிந்து அரை மணிநேரத்துக்குள் அது 60 முதல் 64க்குக் கீழே இறங்காவிடில், அன்றைய தொலைவு அக்குதிரைக்கு அதிகம். மேற்கு மாநிலங்களின் தேசியக் காடுகள் பலவற்றில் களைவிதை அற்றதெனச் சான்றளிக்கப்பட்ட உலர்புல்லை மட்டுமே கொண்டு செல்லலாம். ஆதலால் அங்கே பல நாள் பயணம் செல்ல எண்ணுவோர், புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே குதிரைக்கு அதே புல்லைக் கொடுத்துப் பழக்குகின்றனர்.